பொட்டு வைத்த லென்ஸ்

ரமணனுக்குக் கவலைப்படக் காரணம் வேண்டியதில்லை. காரணம் கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்று கவலைப்படுவார். தெம்பனிஸ் முனையத்திலிருந்து பேருந்து ஓட்டுகிறவர். வண்டியை எடுக்குமுன் இடது கண்ணாடி, வலது கண்ணாடி, பிறகு சந்தேகத்துக்கு இன்னொரு தடவை இடது கண்ணாடி. வீட்டைப் பூட்டிவிட்டு மின்தூக்கி வரை போவார், பொத்தானை அழுத்துவார், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். அவர் ரைஸ் குக்கர் வாங்க யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு கல்யாணம் பேசி முடித்துப் பந்தியும் போட்டுவிட்டார்கள். அதற்காக அவரைக் கோழை என்று நினைத்துவிட வேண்டாம். இத்தனை வருடத்தில் அவர் வண்டியில் யாரும் தடுமாறி விழுந்ததில்லை. பயந்த ஆள் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து போவதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் கேமராவுக்கு லென்ஸ் வாங்கக் கிளம்பினார். அந்தக் கடையில் இருந்தவர்கள்தான் பாவம்.

கேமரா வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். போன வருடம் முழுக்க அவர் மனைவி தங்கத்துக்கு மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்தது. அறுவை, கீமோ, ரேடியேஷன் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தாள். வைத்தியம் நடந்துகொண்டிருந்த நாளில் ஒரு மத்தியானம் பாப்பம்மாள் அத்தை பார்க்க வந்தார். ரமணனுடைய அப்பாவின் தங்கை. நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், மனதில் தோன்றியதை வாயில் நிறுத்தி வைக்கத் தெரியாது. தங்கம் அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அத்தை ரமணனைச் சமையலறையில் ஓரங்கட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"டேய், தங்கம் படம் நல்லதா ஒண்ணு இருக்கா? தனியா, பெருசு பண்ற மாதிரி? உங்க மாமா போனப்ப ஒண்ணும் கெடைக்காம ஐசி அட்டையில இருந்த படத்தப் பெருசு பண்ணி மாலை போட்டோம். இன்னிக்கும் பாக்க முடியல, போலீஸ்ல மாட்டின ஆள் மாதிரி முழிக்கிறாரு."

"அத்தை!" என்றார் ரமணன்.

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? இருக்கட்டுமேன்னு கேட்டேன் லா." அத்தை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தங்கத்தின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். ரமணனுக்கு அத்தைமேல் ஆத்திரம் வந்தது. அது ஆறுவதற்குள், அவரையும் அறியாமல் கை ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அத்தை கேட்டது சரிதான், படம் இல்லை. கல்யாணப் படத்தில் தங்கம் குனிந்த தலை நிமிரவில்லை. மகள் கவிப்ரியாவின் பிறந்தநாள் படங்களில் ஒன்றில் தோள் தெரிந்தது, இன்னொன்றில் கேக் வெட்டும் கத்தியைப் பிடித்த கை. தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்தில் ஓரத்தில் பாதி முகம். மற்றவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்ததெல்லாம் அவள்தான்.

இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளை ஒரு படம் எடுக்கவில்லையே என்று ரமணனுக்கு நெஞ்சைப் பிசைந்தது. கூட வேலை பார்க்கும் ஒருவர் பழைய கேமராவைக் கொடுத்துவிட நினைப்பதாகச் சொன்னதும் யோசிக்காமல் வாங்கினார். அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் வாங்கிய ஒரே சாமான் அதுதான். தங்கத்திடம் "சும்மா, பொழுதுபோக்குக்கு" என்றார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி," என்றாள். "ஆனா என்னை எடுக்காதீங்க. முடி வளரட்டும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறதா முருகன்கிட்ட வேண்டியிருக்கேன். அன்னைக்கு எடுத்துக்கோங்க. ஒரே ஒரு படம்."

அந்த ஒரே ஒரு படம் அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கேமராவோடு வந்த லென்ஸ் உதவாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. முன்னால் வைத்திருந்தவர் அதைத் தோல் பையில் போட்டு அலமாரிக்குள் வருடக்கணக்காக மறந்திருக்கிறார். இந்த ஊர் ஈரத்துக்கு அது போதாதா? கைவிளக்கை அடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடியில் ஒட்டடை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. வளையத்தைத் திருகினால் மணல் அரைபட்டது. ஆகவே தினப்படிக்குத் தோதாக, கைக்கு அடக்கமான விலையில் ஒரு ஜூம் லென்ஸ் வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். நீங்களும் நானும் என்றால் கடைக்குப் போய், இரண்டைக் கேட்டு, ஒன்றை வாங்கி, வரும் வழியில் ஒரு பரோட்டாவும் சாப்பிட்டிருப்போம்.

ரமணன் கைப்பேசியில் லென்ஸ் விமர்சனங்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒருவன் இதைப்போல லென்ஸ் உலகத்தில் இல்லை என்பான், அதே லென்ஸை அடுத்தவன் குப்பையில் போடச் சொல்வான். முனையத்தில் ஓய்வு வேளையிலும் சாப்பாட்டு மேசையிலும் அதே வேலை. முக்கியமாக, மருத்துவமனையில். தங்கம் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளிலெல்லாம் கவிப்ரியாதான் அம்மாவோடு உள்ளே போவாள். ரமணனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பது வீட்டில் சொல்லிக்கொள்ளப்பட்ட காரணம். மருத்துவர் அறையில் ரத்தம் ஏது? யாரும் கேட்கவில்லை. அவர் கீழ்த்தளக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, ஆறிப்போகும் கோப்பியை முன்னால் வைத்துக்கொண்டு, லென்ஸ்களைப் பார்ப்பார். மேலே என்ன சொல்கிறார்களோ என்ற நினைப்பு தலைதூக்கும் போதெல்லாம் அடுத்த விமர்சனத்தைத் தட்டுவார். வைத்தியம் முடிந்த பிறகு முதல் பெரிய ஸ்கேன் தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் குறித்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லென்ஸைப் பற்றித்தான் பேசினார், கேட்கிறவர்களுக்கு மண்டை காயும் வரைக்கும்.

"அப்பா, நீங்க லென்ஸ் பாக்குறீங்களா, எனக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்று கேட்டாள் பாலிடெக்னிக்கில் படிக்கும் கவிப்ரியா. "ஜஸ்ட் பிக் ஒன் லா."

கடைசியில் இரண்டில் வந்து நின்றது. ஒன்று நெட்டை, இன்னொன்று குட்டை; பெட்டிமேல் எழுதியிருந்த எண்கள் கிடக்கட்டும், ரமணன் வைத்துக்கொண்ட பெயர் அதுதான். நெட்டை ஜூம் தெரு முனையில் நிற்பவர் மூக்குத்தியையும் இழுத்துக்கொண்டு வரும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் திணறும், கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கும். குட்டை ஜூம் இருட்டிலும் தெளிவாக எடுக்கும், வீட்டுக் கூடம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும்; ஆனால் தூரத்தை இழுக்காது. முகம் வேண்டுமென்றால் நாம்தான் கிட்டப் போக வேண்டும். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையாவது வித்தியாசப்பட்டிருந்தால் மலிவானது என்று முடிவு செய்திருப்பார். விதி அந்த வழியையும் அடைத்துவிட்டது.

டோபி காட் பக்கத்துப் பேரங்காடியில் இருந்த கேமராக் கடையில் ஷபானா என்ற பெண் விற்பனையில் இருந்தாள். தமிழ்க்காரி, பொறுமைசாலி. சாமான் வாங்கிப் பத்து நாளுக்குள் பெட்டியோடு, கறை கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவது அந்தக் கடையின் வழக்கம். ரமணனைப் போன்றவரிடம் அப்படி ஒரு வழக்கத்தைச் சொல்லவே கூடாது. முதலில் நெட்டையை வாங்கிப் போனார். வீட்டில் சாமி அலமாரியை எடுத்துப் பார்த்தால் முருகனுக்குப் பன்னிரண்டு கையோ இருபது கையோ என்று தெரியாத அளவுக்குக் கலங்கல். கொண்டுபோய் மாற்றிக் குட்டையை வாங்கினார். குட்டையில் முருகன் வேலின் நுனி வரை பளிச்சென்று விழுந்தார். ரமணனுக்குச் சந்தோஷம் ஒரு ராத்திரி தங்கியது. விடிந்ததும் வேறு பயம். ஊர்வலத்தில் கூட்டம் நெரியுமே, நடுவில் தடுப்பு இருக்குமே, கிட்டப் போக முடியாவிட்டால்? தங்கம் அந்தப் பக்கம் போய்விட்டால்? ஒரே ஒரு படம் அல்லவா! பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினார்.

ஷபானா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, நெட்டை இன்னிக்கு ஸ்டாக்ல இல்ல. சனிக்கிழமை வரும். ஆனா இதான் கடைசி, சரியா? மேனேஜர் என்னைத் திட்டுறாரு."

"சனிக்கிழமை வந்துடுறேன் மா. கண்டிப்பா."

"ஒண்ணு கேக்கட்டுமா? யாரை எடுக்கப் போறீங்க?"

"என் வீட்டுக்காரியை. பால்குடம் எடுக்கிறாங்க."

"அண்ணியைத்தானே எடுக்கிறீங்க, பக்கத்துலயே நடந்து போகலாமே. அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து இழுக்குற லென்ஸு?"

ரமணன் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வெளியே வந்து நடைபாதையில் நின்றார். ஏன் தூரத்திலிருந்து? அவருக்கே தெரியாமலா இருக்கும்? கேமராவைக் கண்ணில் வைத்து அவளைப் பார்க்க நினைத்தாலே அந்த முகத்தைச் சுற்றி ஒரு சட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சட்டத்தின்மேல் மாலை, கீழே சின்னதாக ஒரு விளக்கு. கிட்டப் போனால் அது இன்னும் பெரிதாகத் தெரியும். எந்த லென்ஸ் என்று முடிவாகிவிட்டால் அடுத்து எடுக்க வேண்டியது அந்தப் படம்தான். சண்டாளத்தனமான ஒரு வேலைக்கு ரகசியமாகச் சாமான் சேர்க்கிறவனைப் போல அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. யாரிடம் சொல்வது? சனிக்கிழமை நெட்டை வரட்டும் என்று பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அவருக்குக் காலை வேலை. பிற்பகல் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதே சாம்பிராணி வாசம் வந்தது. தங்கம் விரதம் தொடங்கியிருந்தாள்; ஒவ்வொரு வெள்ளியும் பூசை பலமாக நடக்கும். ரமணன் நேரே போய், மறுநாள் கடைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த பெட்டியைத் தூக்கினார். பெட்டி லேசாக இருந்தது. திறந்தால் உள்ளே காற்று.

தேடத் தேவையிருக்கவில்லை. சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால், வெற்றிலைமேல் லென்ஸ் நிமிர்ந்து நின்றது. வளையத்தைச் சுற்றி விபூதிப் பட்டை. முன் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, நட்ட நடுக் கண்ணாடியில், புதுப் பேருந்தின் முகப்பு விளக்குக்கு வைப்பதுபோல், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம்.

"தங்கம்!"

அந்தச் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். தங்கம் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? கண்ணாடிமேல போயி யாராச்சும் சந்தனத்தை அப்புவாங்களா? இது என்ன சட்டியா பானையா? நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல! ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? எல்லாம் உன் இஷ்டந்தானா இந்த வீட்ல?"

கவிப்ரியா அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ரமணனுக்குத் தான் செய்தது உறைத்தது. போன வருடம் நோய் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் தங்கத்திடம் குரலை உயர்த்தியதில்லை. உப்புக் கூடினாலும் நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைத்தே வைத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளை விளிம்பு வரை நிறைந்த கிண்ணத்தைத் தூக்குவதுபோலப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். இப்போது இவர் தெருச் சண்டைக்காரனைப் போலக் கத்திவிட்டு நிற்கிறார்.

தங்கம் சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல்.

"அப்பாடா," என்றாள். "எவ்ளோ நாளாச்சு என்னை யாராச்சும் திட்டி! நீங்க எல்லாரும் பாத்த பார்வையில நான் செத்தே போயிட்டேனோன்னு நெனச்சேன்."

"சும்மா இரு. அப்படிப் பேசாத." என்றார் ரமணன்.

"தெரிஞ்சேதாங்க வச்சேன். கையில ஒட்டின குங்குமத்த வெளியிலயும் வச்சேன், பாருங்க அந்த ரப்பர் இடுக்குல. பொட்டு வச்ச சாமானை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கக் கை வராது. சாமிக்கு முன்னால வச்சாச்சு. இனிமே அது நம்ம சாமான். நெட்டையும் வேணாம், மொட்டையும் வேணாம்."

ரமணன் லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். தூசி தட்டும் ரப்பர்க் குமிழால் ஊதினார். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார், தேய்க்கப் பயம். கண்ணாடியில் கீறல் விழவில்லை, முருகன் காப்பாற்றினான். ஆனால் ரப்பர் வளையத்தின் பள்ளங்களில் ஏறிய குங்குமம் போகவே இல்லை. பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு இன்னும் உள்ளேதான் இறங்கியது. தங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவிப்ரியாவை ஏதோ சாக்குச் சொல்லிக் கடைக்கு அனுப்பினாள்.

"அத்தை கேட்டது எனக்குக் காதுல விழலன்னு நெனச்சீங்களா?"

பிரஷ் நின்றது.

"கண்ணைத்தான் மூடியிருந்தேன். காதுக்கு ஏதுங்க இமை? அவங்க கேட்டாங்க, மறு வாரமே நீங்க கேமராவோட வந்து நிக்கிறீங்க. பொழுதுபோக்காம்! ரைஸ் குக்கருக்கு அவ்ளோ யோசிச்ச மனுஷன்."

"நான் அதுக்கு வாங்கல," என்றார் ரமணன். பொய் என்று தெரிந்தும் இன்னொரு தடவை சொன்னார். "சத்தியமா அதுக்கு வாங்கல தங்கம்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். மருத்துவமனையில் அழாத மனிதர், குங்குமம் பட்ட பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவள் தடுக்கவில்லை. அழுது முடிந்ததும் சொன்னாள். "எடுங்க. நான் ஒண்ணும் கோவப்படல. ஆனா தூரத்துலேர்ந்து திருட்டுத்தனமா எடுக்கக் கூடாது. என் முன்னால நின்னு எடுக்கணும்."

தைப்பூசத்துக்கு இந்த ஊரில் பொது விடுமுறை கிடையாது. ரமணன் எப்போதோ விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். போன தைப்பூசத்துக்கு ஊர்வலம் போகும் சிராங்கூன் சாலைப் பக்கம் மாற்றுவழியில் வண்டி ஓட்டியவர், இந்த வருடம் வெறுங்காலோடு நிற்கப் போகிறார். முதல்நாள் தேக்கா கடைத்தெருவில் பூ வாங்கப் போனபோது கடை முன்னால் வரிசையாகத் தொங்கிய ரோஜா மாலைகளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே உதிரி மல்லிகை கேட்டார். பூக்காரர் "மாலை வேணாமாண்ணே, ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்றதும் "வேணாம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

லென்ஸில் பூஞ்சை வந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றிரவு கேமராவைப் படுக்கையறையில் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் படுத்தார். அதிபுத்திசாலித்தனம்! விடியற்காலை அதே குளிரோடு பையில் போட்டு, குளிரூட்டிய டாக்சியில் ஏறி, ஊர்வலம் புறப்படும் பெருமாள் கோயில் வாசலில் வந்து இறங்கினார்.

கோயில் வளாகம் நெருக்கியடித்தது. மஞ்சள் சேலையில் தங்கம் நின்றாள், சுருட்டை முடி நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. பாப்பம்மாள் அத்தையும் வந்திருந்தார்; வேல் வேல் என்று அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் காவடியே ஒரு அடி தள்ளி நின்றது. பாலை நிறைத்து, மஞ்சள் துணியால் வாய் கட்டிய குடத்தை இரண்டு பேர் தூக்கித் தங்கத்தின் தலையில் வைக்கப் போனார்கள். இதுதான், இந்த நொடிதான் என்று ரமணன் கேமராவைக் கண்ணில் வைத்தார். எல்லாம் வெள்ளை.

ஒன்றுமே தெரியவில்லை. பால் கடலில் மூழ்கியவர் மாதிரி விழித்தார். லென்ஸைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம். குளிரில் கிடந்த கண்ணாடி, வெளிக்காற்றுப் பட்டதும் வியர்த்துக் கொட்டுகிறது. துடைத்தார், மறுபடி மூடியது. சட்டை நுனியால் துடைத்தார், மறுபடி மூடியது. "போச்சு, எல்லாம் போச்சு," என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தபோதே குடம் தலையில் ஏறி, அத்தை இன்னொரு வேல் போட்டு, தங்கம் வாசலைத் தாண்டி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"ப்பா, ரிலாக்ஸ். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். வாங்க," என்று கவிப்ரியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

சிராங்கூன் சாலை நெடுக அவர் லென்ஸை வெயிலில் காட்டிக்கொண்டே நடந்தார். மூட்டம் விலகியபோது வேறு தொல்லை. நினைத்தபடியே தங்கத்துக்கு முன்னால் ஒரு காவடி, பக்கத்தில் ஒரு கூட்டம், நடுவில் தடுப்பு. ஓரத்தில் நின்று எடுத்தால் குட்டை லென்ஸில் அவள் சுண்டுவிரல் அளவுக்குத் தெரிந்தாள். நெட்டை மட்டும் இருந்திருந்தால் என்று பல்லைக் கடித்தார். அவள் நடை தளர்வதுபோல் இருந்தது. கீமோ முடிந்த உடம்பு, இவ்வளவு தூரம் தாங்குமா? மயக்கம் போட்டுவிட்டால்? குடம் சரிந்தால்? லென்ஸ் மறந்துபோய்விட்டது, கேமரா கழுத்தில் தொங்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்துக்கு ஓடினார்.

"தண்ணி வேணுமா? ஒக்காந்துட்டுப் போலாமா? முடியலன்னா நான் தூக்கிக்கிறேன் தங்கம்."

"முன்னால போங்க," என்றாள் அவள், குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி. "முன்னால நின்னு எடுக்கணும்னு சொன்னேன்ல."

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரமணன் அவளுக்கு இரண்டடி முன்னால், அவளைப் பார்த்தபடி பின்னால் நடந்தார். வாழ்நாளில் ஆள் பார்த்துச் சொல்லாமல் வண்டியைப் பின்னால் எடுக்காதவர்! கவிப்ரியா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு "வரலாம், வரலாம், லெஃப்ட் லா ப்பா" என்று வழிகாட்டினாள். கேமராவைக் கண்ணில் வைப்பார், சட்டமும் மாலையும் வந்துவிடுமோ என்று இறக்கிவிடுவார். மறுபடி வைப்பார், மறுபடி இறக்குவார். டோபி காட் வந்துவிட்டது, பாலைச் சேர்க்க வேண்டிய தேங்க் ரோடு முருகன் கோயில் இனிக் கூப்பிடு தூரம். இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"எடுடா! கோயிலுக்குள்ள போயிட்டா எடுக்க முடியாது!" என்று பின்னாலிருந்து அத்தை கத்தினார்.

அத்தை குரலைக் கேட்டதும் ரமணன் அவசரமாகக் கேமராவைத் தூக்கினார். கவிப்ரியா "ஸ்டாப், ஸ்டாப்" என்றது காதில் ஏறவில்லை. சாலையில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பு ஒன்று முழங்கால் மடிப்பில் இடிக்க, கூம்போடு சேர்ந்து தார்ச்சாலையில் பொத்தென்று உட்கார்ந்தார். கேமராவை மட்டும் இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார், அவரும் பால்குடம் எடுக்கிறவர் போல.

தங்கத்துக்கு அடக்க முடியவில்லை. விரதமாவது வேண்டுதலாவது, வாய்விட்டுச் சிரித்தாள். உடம்பு குலுங்கியதில் குடம் தளும்பி, துணியை மீறி ஒரு கோடு பால் நெற்றியில் வழிந்து கன்னத்தில் இறங்கியது. ரமணன் தரையில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். முகம் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது! சட்டமும் இல்லை, மாலையும் இல்லை. கேமராவை இறக்கிக் கண்ணில் வைத்து அழுத்தினார்.

தேங்க் ரோடு கோயிலில் பால் சேர்ந்து, எல்லோரும் வெளியே வந்து அன்னதானத்தில் சாப்பிட்டு முடிந்த பிறகு அத்தை கை நீட்டினார். "எங்க, காட்டு."

ரமணன் காட்டினார். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. குடத்தின் பாதி வெட்டுப்பட்டிருந்தது. கண் இரண்டும் இடுங்கி மூடியிருக்க, வாய் முழுக்கத் திறந்து, கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டுப் பால்.

"என்னடா இது?" என்றார் அத்தை. "பல்லு பூரா தெரியுது, கண்ணைக் காணோம். இதப் பெருசு பண்ணி எங்கடா மாட்டுறது? இதுக்கு எவன்டா மாலை போடுவான்?"

சொன்ன பிறகுதான் அத்தைக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. தங்கம் கேமராவை வாங்கி, ரொம்ப நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"யாரும் போட மாட்டாங்க அத்தை. எனக்கு இந்தப் படந்தான் புடிச்சிருக்கு," என்றாள்.

அத்தை ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மோர் வாங்கப் போனார், கவிப்ரியாவும் கூடப் போனாள். ரமணன் லென்ஸுக்கு மூடியைப் போட்டார். ரப்பர் பள்ளங்களில் குங்குமம் அப்படியே இருந்தது.

"ஸ்கேன் அன்னைக்கு," என்றார். மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். "அன்னைக்கு நானும் உள்ள வர்றேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் வர்றேன்."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு," என்றாள் தங்கம். காய்ந்த பால் கன்னத்தில் வெள்ளைக் கோடாக நின்றது. "வாங்க. கேமராவ மட்டும் வீட்ல வச்சுட்டு வாங்க."